சின்னம்மா பார்த்து எடுத்த பில்டர்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குக் காப்பி போட எதை வாங்குவது என்று நீங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து வாதாடிக்கொண்டிருந்தீர்கள். கரண்டில் ஓடுவது வேண்டும் என்றான் பெரியவன். கரண்டு போனால் என்ன செய்வாய், எவர்சில்வர் பில்டரே போதும் என்றாள் சின்னவள். கடைசியில், "அப்பா, நீ சொல்லு" என்று என் பக்கம் திரும்பினீர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன். எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் எதுவும் கிடையாது. நீங்கள் பார்த்திராத ஒருத்தியின் நினைப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது என்று சொல்லக்கூடும். சொல்லட்டும்.

அப்போது நாங்கள் வடசென்னையில், காலடிப்பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவருடைய காது மடலில்கூடக் கரித்தூள் இருக்கும். கொடியில் காயும் வேட்டியிலும் கரித்தூள்தான். காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை, மேற்கேயிருந்து அடித்தால் மழையில் நனைந்த தோல் மூட்டைகளின் வாசனை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், தூங்கினோம்.

என்னைப் பெற்ற அம்மா, நான் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். புருஷனை இழந்தவள். பேச்சு கரடுமுரடாக இருக்கும், ஆனால் சோற்றைப் பிசைந்து என் வாயில் ஊட்டிய கை அவளுடையது. சில வருஷம் கழித்து, கும்பகோணம் பக்கத்திலிருந்து நைனா இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அவளைத்தான் நான் சின்னம்மா என்றேன்.

சின்னம்மா ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அதில் நாலு புடவையும் ஒரு சாமி படமும் இருந்தன. பாத்திரம் என்று ஒரு கரண்டிகூட இல்லை. அவளுடைய அப்பா ஒரு காப்பி கிளப்பில் காப்பி போடுகிறவர். வீட்டில் பெண்கள் நிறைய. இரண்டாந்தாரமாகப் போகிறவளுக்குச் சீர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அதுவரை காப்பி கிடையாது. தெருமுனையில், நாங்கள் மாமு என்று கூப்பிடும் பாய் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். தூக்குப்பாத்திரத்தைக் கொண்டுபோனால், கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி, "நைனாவுக்கு சலாம் சொல்லு" என்பார். அந்த டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டு நான் பள்ளிக்குப் போவேன். சின்னம்மாவுக்கு அந்த டீ இறங்கவே இல்லை. குடிப்பாள், ஆனால் மருந்து குடிப்பதுபோல மூக்கைச் சுருக்கிக்கொண்டு குடிப்பாள்.

வந்து சில மாதம் கழித்து ஒரு நாள் நைனாவிடம் கேட்டாள். "ஏங்க, வீட்டுல ஒரு பில்டர் இருந்தா நானே காப்பி போட்டுடுவேங்க." அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

நைனா இதைத் துறைமுகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவருடைய தோஸ்து ஒருவர் அங்கே சரக்கு இறக்கும் மேஸ்திரி. மறு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கோணிப்பையோடு வந்துவிட்டார். பைக்குள் அலுமினியக் கெண்டி மாதிரி ஒன்று. மூடியின் உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கண்ணாடிக் குமிழ்.

"இன்னா மாமே அப்படிப் பாக்கற? கப்பல்ல கேப்டனுக்கே இதுலதான் காப்பி. உள்ள கொதிக்கறது குமிழ்ல தெரியும். டூரிங் கொட்டாய்ல படம் பாக்கற மாதிரி பாத்துகினே இருக்கலாம்."

சின்னம்மா அதைக் கையில் வாங்கி, உள்ளே இருந்த குழாயையும் சல்லடைக் கூடையையும் எடுத்துப் பார்த்தாள். "இதுக்குப் பொடி ரவை மாதிரி கொரகொரன்னு இருக்கணும் போலிருக்குங்க அண்ணே. நான் வாங்கியாந்த பொடி மாவாட்டம் இருக்கு. சிக்கரி வேற கலந்திருக்கு."

"அட, பொடின்னா பொடிதான் தங்கச்சி. போடு, போடு."

கரி அடுப்பில் ஏற்றினார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் குமிழுக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு பழுப்பாகியது. பிறகு கறுத்தது. பிறகு மூடி தபதபவென்று குதித்து, மூக்கு வழியாகச் சேறு மாதிரி ஒன்று கக்கி அடுப்பை அணைத்தது. புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது.

"அய்ய, கலீஜு!" என்று அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "கப்பல் சாக்கடையைக் கொண்டாந்து அடுப்புல வெச்சிகினானுங்கப்பா!"

மேஸ்திரி விடவில்லை. மிஞ்சியதைப் பாலில் கலக்கச் சொல்லி நைனாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். நைனா ஒரு வாய் குடித்தார். பல்லிடுக்கில் பொடி நறநறத்தது எனக்கே கேட்டது.

"எப்படி கீது மாமே?"

"நல்லாத்தான் கீது."

"கொஞ்சம் மென்னு குடிக்கணும், அவ்ளோதான்," என்றார் மேஸ்திரி.

சின்னம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல், சுவரில் சாய்ந்து சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நைனா அவளையே பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இது நமக்கு ஒத்து வராது. சம்பளம் வரட்டும், யானைக்கவுனிக்குப் போலாம். எது வேணுமோ நீயே பாத்து எடு," என்றார். மேஸ்திரி கெண்டியைக் கோணியில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் கண்ணாடிக் குமிழை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று பல நாள் ஏங்கினேன்.

சம்பளம் வருகிற வரைக்கும் சின்னம்மா வேறு ஆளாக இருந்தாள். அரிசியில் கல் பொறுக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுவாள். கிளப்பில் அவளுடைய அப்பா டிக்காஷன் இறக்கும் பித்தளை அண்டாவைப் பற்றிச் சொல்வாள். முதல் டிக்காஷனில் போட்ட காப்பியை யாருக்குக் கொடுப்பார்கள், இரண்டாவதை யாருக்குக் கொடுப்பார்கள் என்பதைச் சொல்வாள். ஒரு நாள் என் சிலேட்டை எடுத்து நீட்டினாள்.

"தம்பி, இதுல என் பேரை எழுது பாப்போம்."

எழுதினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"எதுக்கு சின்னம்மா?"

"பில்டர் வாங்கினா அதுல பேர் வெட்டுவாங்கல்ல? எப்படி இருக்கும்னு பாத்தேன். எங்க அக்காங்களுக்கெல்லாம் குடத்துலேர்ந்து குங்குமச் சிமிழ் வரைக்கும் பேர் வெட்டிக் கொடுத்தாங்க. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினா, பாத்திரத்தைத் திருப்பிப் பேரைப் பாத்துட்டுத்தான் கொண்டாந்து தருவாங்க. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பாத்திரம் அப்படித் திரும்பி வரணும்டா."

இந்தக் காலத்தில் யாரும் பாத்திரத்தில் பேர் வெட்டுவதில்லை. அன்றைக்கு அப்படி இல்லை. ஒரு வீட்டில் எவள் வாழ்கிறாள் என்பதை அந்த வீட்டுச் சாமான்களைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் எதைத் திருப்பினாலும் என்னைப் பெற்றவளின் பேர்தான் இருந்தது. சின்னம்மா தினமும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தது அந்தப் பேரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைனா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா" என்பார், இல்லாவிட்டால் "டேய், உன் சின்னம்மாவைக் கூப்பிடு" என்பார். கடையில் பேர் கேட்டால் நைனா தன் வாயால் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதையும் அவள் எதிர்பார்த்திருந்தாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். சின்னம்மா தாலி கட்டிய அன்றைக்குக் கட்டியிருந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். யானைக்கவுனியில் ஒரு பாத்திரக்கடை. கடைக்கார அண்ணாச்சி தெற்கத்திக்காரர். தரை முதல் கூரை வரைக்கும் பித்தளையும் செம்பும் தொங்கின. உள்ளே நுழைந்ததும் நாக்கில் செப்புக்காசு வைத்த மாதிரி ஒரு வாடை.

அண்ணாச்சி எவர்சில்வரை முதலில் எடுத்துக் காட்டினார். அப்போது அது புதுசு. முகம் பார்க்கலாம் போல மினுமினுத்தது. நைனாவுக்கு அதில் ஆசை. சின்னம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மெலிசா இருக்குங்க. டிக்காஷன் சீக்கிரம் ஆறிடும்," என்று வைத்துவிட்டாள். பித்தளை பில்டர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேலடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி அடியிலிருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பொடியை அமுக்கும் குடையை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே ஈயப்பூச்சை விரலால் தடவினாள். ஒன்றை எடுப்பாள், வைப்பாள், மறுபடியும் எடுப்பாள்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ நேரம் பாக்கமாட்டான்," என்றாள் அத்தை.

"பாக்கட்டும் அம்மா, பாத்து எடுக்கிறவங்களுக்கு வித்தாத்தான் எங்களுக்கும் மரியாத," என்றார் அண்ணாச்சி.

கடைசியில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டாள். உயரம் கம்மி, கனம் ஜாஸ்தி. "இதுங்க," என்றாள். நைனா தலையாட்டினார்.

கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன உளி, சின்னச் சுத்தி. பில்டரை மடியில் வைத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்க. வெட்டிட்டா அப்புறம் மாத்தித் தரமாட்டாங்க, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

அத்தை முந்திக்கொண்டு நைனா பக்கம் திரும்பினாள். "தம்பி, வூட்டுல கீற எல்லா சாமான்லயும் அவ பேருதான் கீது. இதுல மட்டும் வேற பேரு போட்டா, பெத்தவளை மறந்துட்டாங்கோன்னு புள்ள மனசுல நெனைக்காதா?"

நைனா என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். செத்துப்போன என் அம்மாவின் பேரைச் சொன்னார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் மனசுக்காக என்று செய்தார்கள். பிள்ளைகளே, என்னைப் பெற்றவளுக்குக் காப்பியின் ருசியே தெரியாது. மாமு கடை டீயைக் குடித்து வாழ்ந்து போனவள். அவள் உயிரோடு வந்து அந்த பில்டரைப் பார்த்திருந்தால், இது என்ன என்று கேட்டிருப்பாள்.

சுத்தி டிக் டிக்கென்று விழ ஆரம்பித்தது. புள்ளி புள்ளியாக முதல் எழுத்து வந்தது. சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது எழுத்து வரும்போது பேர் வெட்டுகிறவரிடம், "நல்லா ஆழமா வெட்டுங்க. தேய்க்கத் தேய்க்க அழிஞ்சிடும்," என்றாள்.

நைனாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பஸ்ஸில் அத்தையிடம், "பாத்தியாக்கா, எவ்ளோ பெரிய மனசு," என்று மெதுவாகச் சொன்னார். அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் காப்பி மணந்தது. பில்டரின் வயிற்றில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்துக்கே நான் விழித்துக்கொண்டேன். எருமைப்பாலில் கலந்து, ஆற்றி, நுரை தளும்ப நைனாவுக்கு டபராவில் வைத்தாள். அத்தைக்கு வைத்தாள். எனக்குப் பால் ஜாஸ்தியாக விட்டுக் கொடுத்தாள். அத்தை இரண்டாவது தடவையும் டம்ளரை நீட்டினாள். அதுதான் அத்தையின் பாராட்டு.

"நீ குடி," என்றார் நைனா.

"எனக்கு வேணாங்க. பித்தம் பண்ணுது."

எல்லோரும் நம்பினோம். காப்பி கிளப்புக்காரர் மகளுக்குக் காப்பி பித்தம் என்றால் யாருக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை. காப்பி அவ்வளவு நன்றாக இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸம்மா தனியாக இருந்தார். கிறிஸ்தவர். ஆஸ்பத்திரி வேலை முடிந்து பகலில் வந்து, பீங்கான் ஜாடியில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றி, வண்டல் அடியில் தங்கியதும் மேலாக இறுத்துக் குடிப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடம் அரைநாள் விட்டதால் சீக்கிரம் வந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சின்னம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைப்பிடி போன பீங்கான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தாள். கண்ணை மூடியிருந்தாள். பித்தம் என்றவள் முகம் அப்படி இருக்காது.

எனக்குப் பின்னாலேயே தண்ணிக்குடத்தோடு வந்த அத்தையும் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? வூட்டுக் காப்பி பித்தம், எதிர் வூட்டுக் காப்பி அமிர்தமா?"

சின்னம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

நர்ஸம்மா எழுந்து வந்தார். "ஏம்மா சத்தம் போடறீங்க? ஒரு வாய் காப்பி. நான்தான் கொடுத்தேன்."

"நீங்க சும்மா இருங்கம்மா. அதான் வூட்ல ஒரு பில்டர் குந்திகினு கீதே. அதுல இன்னா பேஜாரு?"

சின்னம்மா எழுந்து வந்து அத்தையிடமிருந்து தண்ணிக்குடத்தை வாங்கிக்கொண்டாள். பில்டரில் இருந்த பேரைப் பற்றி அவள் என்ன சொல்லியிருக்க முடியும்? செத்தவளோடு சண்டை போடுகிறாள் என்பார்கள்.

சாயங்காலம் விஷயம் நைனாவிடம் போனது. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார். கத்தவில்லை. என் நைனா வீட்டில் கத்துகிற மனுஷன் இல்லை; அது வேறு விதமாக வலிக்கும்.

"எதிர் வூட்ல போய்க் குடிச்சா நாலு பேரு என்னை இன்னா நெனைப்பான்? நீ கேட்ட, வாங்கிக் குடுத்தேன். நீதான பாத்து எடுத்த? இன்னும் இன்னா வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாங்க."

"அப்போ இனிமே அங்க போவாத."

"சரிங்க."

அவ்வளவுதான். அன்றோடு அந்தக் கோப்பையும் போனது. கொஞ்ச நாளில் நர்ஸம்மாவும் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

நைனா நல்லவர் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். கடையில் அவர் செத்துப்போனவளை நினைத்தார், அக்காவை நினைத்தார், என்னை நினைத்தார். பக்கத்தில் அரக்குப் புடவையோடு நின்றவள்தான் அந்தக் கணக்கில் வரவில்லை. அவள் வாய் திறந்து கேட்கவில்லையே என்பீர்கள். கேட்டால்தான் தெரியும் என்று இருந்தவர்களோடுதான் அவள் வாழ்ந்தாள்.

வருஷங்கள் போயின. அத்தை காலமானாள். சாகும்வரை காலையில் சின்னம்மா கைக் காப்பி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. எனக்கு எர்ணாவூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நைனா ரிடையர் ஆனார். பகல் முழுக்க வீட்டில் இருப்பது அவருக்குப் புதுசு. எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்படித்தான் ஒரு நாள் கண்ணில் பட்டிருக்கிறது.

"இந்தா, காலையிலேர்ந்து பாக்கறேன். எல்லாருக்கும் போட்டுக் குடுக்கற. நீ குடிக்க மாட்டியா?"

"பித்தங்க. சொல்லியிருக்கேனே."

"எப்பத்துலேர்ந்து?"

அவள் பில்டரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இது வாங்கினதுலேர்ந்து," என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

நைனா பில்டரைக் கையில் வாங்கினார். திருப்பினார். ஆழமாகத்தான் வெட்டியிருந்தார்கள், ஒரு புள்ளிகூடத் தேயவில்லை. அந்தப் பேரைக் கட்டைவிரலால் எழுத்து எழுத்தாகத் தடவினார். பிறகு அதை மேடையில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் எனக்கு வார லீவு. எழுந்து பார்க்கிறேன், நைனா குளித்து, சலவைச் சட்டை போட்டு, கையில் குடையோடு அடுப்படி வாசலில் நிற்கிறார்.

"கெளம்பு," என்றார். "யானைக்கவுனிக்குப் போய்ட்டு வந்துடலாம். புதுசா ஒண்ணு வாங்கலாம். உன் பேரு போட்டு."

சொல்லிவிட்டு அவளுடைய பேரைச் சொன்னார். அவர் வாயால் அந்தப் பேர் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். பழக்கமில்லாத பேரைச் சொல்வதுபோலக் கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னார்.

சின்னம்மா திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் முகத்தில், சிலேட்டில் தன் பேரைப் பார்த்த அந்தப் பழைய பெண் வந்துபோன மாதிரி எனக்குத் தெரிந்தது. பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குங்க? போன மாசம் படபடப்புன்னு டாக்டர்கிட்ட காட்டினோம்ல, இனிமே காப்பிப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரே."

நைனா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவள் அவருக்கு வைத்திருந்த டம்ளரை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"ஆறுது. குடிங்க," என்றாள்.